குமுதாவின் இரும்புச் சட்டியும் மிதந்த துளியும்

குமுதா அக்காவின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அவருடைய ரத்தத்தைத்தான் பார்த்தேன்.

மலேசியாவில், ஈப்போ பக்கத்துச் செமோரில் ஒரு மாரியம்மன் கோயில் மண்டபம். திருவிழா முடிந்து பந்தல்கூடப் பிரிக்கவில்லை. ஈப்போவில் ஒரு மருத்துவமனையின் ரத்த வங்கியில் நான் ஆய்வக ஊழியன். ரத்ததான முகாம் என்றால் கட்டில், பெட்டி எல்லாவற்றையும் வேனில் ஏற்றிக்கொண்டு எங்கள் குழு கிளம்பிவிடும். அன்றைக்கு எனக்கு விரல் குத்தும் மேசை. மேசை மேல் ஒரு கண்ணாடிக் குடுவை, அதில் மயில்துத்தம் கரைத்த நீலத் தண்ணீர். விரலில் எடுத்த ரத்தத்தை ஒரு சொட்டு அதில் விடுவோம். சொட்டு விறுவிறுவென்று அடியில் இறங்கினால் ரத்தத்தில் போதுமான சத்து இருக்கிறது, கட்டிலுக்குப் போகலாம். மிதந்தால் வீட்டுக்குப் போகலாம்.

பீடோர் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டிய குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். என் பட்டமளிப்புப் படத்தை அம்மா சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார், வெள்ளிக்கிழமை சாம்பிராணி அதற்கும் சேர்த்துத்தான். அத்தனை படித்துவிட்டு வந்து செய்கிற வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது இந்த ஒரு சொட்டு விஷயம். இயந்திரம் வேண்டாம், கணக்கு வேண்டாம். கண்ணெதிரே விடை வந்துவிடும்.

ஒரு கை மேசை மேல் வந்து விழுந்தது. மணிக்கட்டில் சூடுபட்ட பழைய தழும்புகள், நக இடுக்கில் மாவு.

"தம்பி, கொஞ்சம் ஆழமாவே குத்துங்க. மேல இருக்கிறது தண்ணியா இருக்கும். உள்ள கெட்டியா இருக்கும் லா."

குத்தினேன். சொட்டு நீலத்துக்குள் விழுந்தது, ஒரு கணம் தயங்கியது, பிறகு மேலே வந்து நின்றுகொண்டது.

"இறங்கு லா," என்றார் அதைப் பார்த்து. யாரோ வீட்டு வாசலில் அடம்பிடித்து நிற்கும் பிள்ளையிடம் சொல்கிற மாதிரி.

வரிசையில் பின்னால் நின்ற கோயில் நிர்வாகச் செயலவை உறுப்பினர் ராஜு அண்ணனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ரத்தம் கொடுத்தவர்களுக்கு மைலோ பானமும் பிஸ்கட்டும் கொடுப்பது வழக்கம். "குமுதா, நீ ஒவ்வொரு வருஷமும் ரத்தம் குடுக்க வாரியா, மைலோ குடிக்க வாரியா?"

"உங்களுக்கென்ன அண்ணே, ஒடம்பு முழுக்க ரத்தம். மூளைக்கு மட்டுந்தான் ஏற மாட்டேங்குது," என்றார் அவர், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

மண்டபமே சிரித்தது. ஆனால் என்னிடம் திரும்பியபோது அந்த முகத்தில் சிரிப்பு இல்லை. "இன்னொரு தடவ பார்க்க முடியாதா தம்பி? வேற வெரல்ல?"

வேறு விரலிலும் மிதந்தது.

முகாம் முடிந்து கட்டில்களை மடக்கும்போது அவர் இன்னும் மண்டபத்தில்தான் இருந்தார். எங்கள் குழுவுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தபடியே, ஏன் இந்தப் பிடிவாதம் என்பதையும் சொன்னார். அவருடைய கணவர் சுரேன் லோரிப் பட்டறையில் மெக்கானிக். சில வருடங்களுக்கு முன்னால் மோட்டார் சைக்கிளில் வரும்போது ஒரு லோரி இடித்துத் தள்ளிவிட்டது. தொடை எலும்பு முறிந்து ரத்தம் நிற்காமல் போனது. பை பையாக ஏற்றினார்கள். ஆஸ்பத்திரியில் நின்ற சொந்தக்காரர்கள் எல்லாரும் வரிசையில் போய் ரத்தம் கொடுத்தார்கள். அக்காவை மட்டும், உங்களுக்கே பத்தாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"எம் புருஷன் ஒடம்புல யார் யாரோ ரத்தம் ஓடுது. சீனன் ரத்தம் இருக்கலாம், மலாய்க்காரர் ரத்தம் இருக்கலாம். நல்லா இருக்கட்டும். ஆனா கட்டின பொண்டாட்டி என்கிட்டேர்ந்து ஒரு சொட்டு இல்ல. அவருக்குக் குடுக்கத்தான் முடியல, யாருக்காச்சும் ஒரு பை குடுத்துட்டேன்னா எனக்கு நிம்மதி. ஒரு பை, அவ்ளோதான்."

கிளினிக்குக்குப் போனீர்களா என்று கேட்டேன். மாத்திரை கொடுத்தார்கள், வயிற்றைப் பிரட்டியது, நிறுத்திவிட்டேன் என்றார். மறுபடியும் போகச் சொன்னேன். ரத்தம் ஏன் குறைகிறது என்று முதலில் தெரியவேண்டும், எல்லா ரத்தக்குறைவும் ஒன்றில்லை என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு, "நாளைக்குக் கடைக்கு வாங்க, தோசை சுட்டுத் தாரேன்," என்றார்.

போனேன். செமோர் கடைத்தெருவில் கடை வரிசைக்கு முன்னால் கூரையோடு ஓடும் ஐந்தடி நடைபாதையில் அவருடைய கடை. காலையில் தோசை, வடை, இழுத்து நுரைக்க ஆற்றிய தே தாரிக். கடையின் நடுநாயகமாக ஒரு பெரிய தோசைக்கல், பல வருடம் எண்ணெய் குடித்துக் கருத்து, கண்ணாடி மாதிரிப் பளபளத்தது. மாவை ஊற்றித் தேய்த்துத் திருப்பியை நீட்டுவதற்குள் தோசை தானாகவே விளிம்பைத் தூக்கிக்கொண்டது.

"பார்த்தீங்களா?" என்றார் பெருமையோடு. பிறகு குரல் மாறியது. "விடிஞ்சா அடைஞ்சா இரும்பு முன்னாலயே நிக்கிறேன் தம்பி. எனக்கு எப்படி இரும்புச் சத்து இல்லாம போவும்?"

தோசையை வாயில் வைத்துக்கொண்டு விழித்தேன்.

அந்த மாதமே கிளினிக்குக்குப் போனார். அங்கே டாக்டர் மாதுமை முதலில் தலசீமியா என்கிற பரம்பரை ரத்தக்குறைவு இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. இரும்புதான் குறைவு. வேறு மாத்திரை எழுதிக் கொடுத்தார். வாட்சாப்பில் வந்த ஒரு காணொளியை அக்கா அவரிடம் நீட்டியிருக்கிறார். இரும்புச் சட்டியில் சமைத்தால் ரத்தம் ஊறும், மாத்திரையே வேண்டாம் என்று அதில் ஒருவர் கத்திக்கொண்டிருந்தார். டாக்டர் பார்த்துவிட்டுச் சொன்னதை அக்கா அவருடைய குரலிலேயே நடித்துக் காட்டினார்: "சட்டியில சமைங்க, நல்லதுதான், கொஞ்சம் இரும்பு சாப்பாட்டுல சேரும். ஆனா சட்டி மருந்தில்ல. மாத்திரைய நிறுத்தினீங்கன்னா சட்டிய எடுத்துட்டு நானே அடிக்க வருவேன்."

வீட்டில் அதுவரை அலுமினியமும் நான்ஸ்டிக்கும்தான். ஈப்போ லிட்டில் இந்தியாவில் ஒரு பாத்திரக் கடையில் வார்ப்பிரும்புச் சட்டி ஒன்றை வாங்கி வந்தார். இரண்டு காது, நல்ல கனம். தோசைக்கடைக்காரி கையில் புதுச் சட்டி கிடைத்தால் சும்மா விடுவாரா? கஞ்சித் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவினார். அடுப்பில் காயவைத்தார். எண்ணெய் தடவினார், தடவிய எண்ணெயைத் துணியால் துடைத்தார், ஒன்றுமே தடவாத மாதிரி தெரியும்வரை துடைத்தார். புகை வரும்வரை சூடேற்றி ஆறவிட்டார். மறுபடியும் முதலிலிருந்து. அரை வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுத் தேய்த்தார். இதற்குப் பெயர் சட்டியைப் பழக்குவது.

"எண்ணெய அள்ளி ஊத்தினா சட்டி பழகாது தம்பி, பிசுபிசுன்னு சளி புடிச்ச மூக்கு மாதிரி ஆயிடும். தடவினது தெரியக்கூடாது. தெரிஞ்சா அதிகம்."

கழுவுவதற்கும் சட்டம் வைத்திருந்தார். சூடு ஆறுமுன் வெந்நீர், தேங்காய் நார், ஒட்டிக்கொண்டால் கொஞ்சம் கல்லுப்பு. தண்ணீரில் ஊறப்போடக்கூடாது. கழுவியதும் அடுப்பில் வைத்து ஈரம் போகக் காயவைத்து ஒரு துளி எண்ணெய். மகள் ஷாமினி ஒருநாள் அதைப் பாத்திரத் தொட்டியில் போட்டுவிட்டாளாம், அன்று முழுக்க அவளோடு பேச்சில்லை. சில வாரத்தில் அந்தச் சட்டி கடைத் தோசைக்கல்லுக்குத் தங்கச்சி மாதிரி ஆகிவிட்டது. முட்டை போட்டால் வழுக்கிக்கொண்டு ஓடியது. உருளைக்கிழங்கு, கீரை, நெத்திலி எல்லாம் அதில்தான். புளி மட்டும் அதன் பக்கத்தில் வரக்கூடாது.

"புளியா? இந்தச் சட்டியிலயா? பழகினதெல்லாம் உரிஞ்சு போயிடும். கைய ஒடிப்பேன்."

அடுத்த முகாம் வந்தது. அக்கா நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்தார். சொட்டை விட்டேன். முன்பு போல உடனே மேலே வரவில்லை. நீலத்தின் நடுவில் போய் நின்றது. பிறகு, மனம் மாறிய மாதிரி, மெதுவாக மேலே ஏறிவிட்டது.

"பாதி வழி போச்சுல்ல?" என்றார்.

"போச்சு அக்கா."

"முன்னாடி அதுவும் போகல." சொல்லிவிட்டு விரலில் ஒட்டிய பஞ்சைப் பார்த்துக்கொண்டே போனார். அன்றைக்கு ராஜு அண்ணன்கூடக் கேலி செய்யாமல் ஒதுங்கி வழிவிட்டார்.

சட்டி விஷயத்தில் அடுத்த அடியை எடுத்து வைத்தவர் சுரேன் அண்ணன். மனைவி சோர்ந்து உட்கார்ந்திருந்ததை அவரால் பார்க்க முடியவில்லை. அடுப்பில் பார்த்தால் கரி பிடித்த சட்டி. ஏதாவது செய்து அவளைச் சந்தோஷப்படுத்தவேண்டும் என்று நினைத்தவர், தனக்குத் தெரிந்ததைச் செய்தார். சட்டியைப் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போய், துருப்பிடித்த லோரி ரிம்மைத் தேய்க்கிற கம்பி பிரஷ்ஷை மெஷினில் மாட்டி, உள்ளும் புறமும் கடைந்து எடுத்தார். சாயங்காலம் பத்திரிகைத் தாளில் சுற்றி எடுத்துவந்து மனைவி முன்னால் பிரித்து வைத்தார். சட்டி வெள்ளி மாதிரி மின்னியது.

இனி அவர்கள் இருவரும் சொல்லக் கேட்டது.

"என்ன இது?"

"ஓஞ் சட்டி லா. கரியெல்லாம் எடுத்துட்டேன். இப்ப பாரு, கடையில வாங்கினப்பகூட இப்படி இல்ல."

"அது கரியா? அது கரியா? யோவ், அது நான் பழக்கின எண்ணெய்யா!"

"எண்ணெய்னா அழுக்குதானே குமு."

"ஒங்க பட்டறையில அழுக்கு! எங்க அடுப்புல அதுதான்யா உயிர்! ஒங்கள அந்த லோரி அன்னைக்கே..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டார். பிறகு அழுதார். அண்ணன் அந்தப் பத்திரிகைத் தாளை மடித்துக்கொண்டே இருந்தாராம்.

மறுநாள் காலையில் சட்டியில் செம்பழுப்பாகத் துரு பூத்திருந்தது. தூக்கிப் போடத்தான் எடுத்தார். ஆனால் வார்ப்பிரும்பு அத்தனை சீக்கிரம் செத்துவிடாது என்று அவருக்குத் தெரியும். துருவைத் தேய்த்துக் கழுவி, காயவைத்து, பேருக்கு ஒருமுறை எண்ணெய் தடவிச் சூடேற்றினார். பழையபடி பழக்குகிற தெம்பு இல்லை. கடுப்பில், இனிமேல் இதில் கெட என்ன இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு, இத்தனை மாதம் அண்டவிடாத புளியைக் கரைத்து, தக்காளியை அரிந்து போட்டு, அதிலேயே மீன் குழம்பு வைத்தார். வைத்ததை அப்படியே மூடிவிட்டுப் படுத்தும்விட்டார்.

காலையில் எனக்குக் குரல் செய்தி வந்தது. "தம்பி, கொழம்பு கருப்பாயிடுச்சு. ஆணிய நக்கின மாதிரி இருக்கு. ஷாமினி தொட மாட்டேங்குறா. அண்ணன் மட்டும் பயத்துல ரெண்டு தட்டு சாப்பிட்டாரு. செத்துருவாரா?"

சாகமாட்டார் என்று சொல்லிவிட்டு, பல்கலைக்கழகத்தில் படித்ததைப் புரட்டினேன். புளிப்பும் ஈரமும் சேர்ந்து கொதித்தால் இரும்பு சட்டியிலிருந்து சாப்பாட்டுக்குள் இறங்கும். அன்றைக்குக் கடையில் தோசையை வாயில் வைத்துக்கொண்டு விழித்தேனே, அந்தக் கேள்விக்கு இப்போதுதான் பதில் கிடைத்தது. தோசை நிமிடத்தில் வெந்துவிடுகிறது, அதில் ஈரமும் குறைவு. நன்றாகப் பழகிய கல்லில் எண்ணெய் இறுகி ஒரு தோல் மாதிரி மூடியிருக்கும். அந்தத் தோலைத் தாண்டி இரும்பு அதிகம் வெளியே வராது. அதை அக்காவிடம் சொன்னேன்.

"அப்ப நான் என்ன பண்ணியிருக்கேன்? ரத்தத்துக்குன்னு சட்டிய வாங்கி, அதுக்கு நல்லா ரெயின்கோட் மாட்டி விட்டுருக்கேன்."

"நல்லாப் பழக்கினதுதான் தப்பாப் போச்சு அக்கா."

"அந்த மனுஷன்கிட்ட மட்டும் இதைச் சொல்லிறாதீங்க. தலைக்கு மேல ஏறிக்குவாரு."

நான் சொல்லவில்லை. அக்காவே சொல்லிவிட்டார்.

அதன்பிறகு சட்டிக்குப் புதுச் சட்டம் வந்தது. துருப்பிடிக்காத அளவுக்கு மட்டும் மெல்லிய எண்ணெய். ரசம், தக்காளித் தொக்கு, புளிக்குழம்பு அதில்தான். ஆனால் கொதித்து இறக்கியதும் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடவேண்டும், சட்டியிலேயே விட்டால் ஆணி வாடை வந்துவிடும். டாக்டர் மாதுமையிடம் போய் இதைச் சொன்னபோது அவர் சிரித்துவிட்டு, சரிதான், ஆனால் மாத்திரையும் தொடரட்டும், உணவிலிருந்து எவ்வளவு உடம்பில் ஒட்டும் என்று சொல்ல முடியாது என்றாராம்.

ஒரு மத்தியானம் அவர்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தேன். தக்காளித் தொக்கு, கீரை, சோறு. அக்காவின் தட்டுக்குப் பக்கத்தில் பெரிய கோப்பையில் கெட்டித் தேநீர். ஒரு வாய் சோறு, ஒரு மடக்கு தே. எங்கள் தோட்டத்திலும் இப்படித்தான்.

"அக்கா, டாக்டர் தே பத்தி ஒண்ணும் சொல்லலையா?"

"மாத்திரையோட குடிக்கக் கூடாதுன்னாங்க. நான் குடிக்கிறதில்லயே."

சுரேன் அண்ணன் தட்டைவிட்டு நிமிர்ந்தார். "சாப்பாட்டோடயும் குடிக்கக் கூடாதுன்னு சொன்னாங்க தம்பி. நானும் கூடத்தான் இருந்தேன். அந்தப் பாதி மட்டும் இவ காதுல ஏறாம கிளினிக் வாசல்லயே எறங்கிடுச்சு."

"நீங்க சட்டிய மட்டும் பாருங்க!"

"சட்டிய நல்லாத்தானே பார்த்தேன்? டாக்டரே ஒத்துக்கிட்டாங்க."

அக்கா கோப்பையைக் கொஞ்சம் தூரமாக நகர்த்தி வைத்தார். தேநீரில் இருக்கிற துவர்ப்பு, சாப்பாட்டில் வருகிற இரும்பை உடம்பில் சேரவிடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்தால் போதும் என்றேன். தேநீர்க் கடை நடத்துகிறவரிடம் இதைச் சொல்வது எவ்வளவு பெரிய காரியம் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. புகையிலையை விட்டவர்கள்கூட இத்தனை முனகியிருக்கமாட்டார்கள் என்று அண்ணன் பிறகு சொன்னார். சாப்பாட்டோடு தேநீருக்குப் பதில் எலுமிச்சைத் தண்ணீர் வந்தது. அதைக் குடிக்கும்போதெல்லாம் என்னைத் திட்டுவதாகவும் கேள்வி.

அடுத்த வருடம் அதே மண்டபம், அதே நீலத் தண்ணீர். இந்த முறை நான் குத்தவில்லை. தெரிந்தவன் என்பதற்காக ஏதாவது செய்துவிட்டான் என்று ஒரு பேச்சு வரக்கூடாது. என்னோடு வேலை செய்யும் துளசியை மேசையில் உட்காரவைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றேன். சுரேன் அண்ணன் லேசாக நொண்டிக்கொண்டே வந்து அக்காவின் கைப்பையைப் பிடித்துக்கொண்டார். ராஜு அண்ணன் வரிசையை விட்டே வெளியே வந்து எட்டிப் பார்த்தார்.

துளசி சொட்டை விட்டாள். அது நீலத்துக்குள் விழுந்து, உருண்டு, நேராக அடிக்குப் போய் உட்கார்ந்தது.

"பாஸ்," என்றாள் துளசி. அவளுக்கு அது அன்றைய நாளின் இன்னொரு சொட்டு, அவ்வளவுதான்.

அக்கா குடுவையையே பார்த்துக்கொண்டிருந்தார். "மறுபடியும் மேல வராதே?"

"வராது அக்கா. கட்டிலுக்குப் போங்க."

பை நிறைவதை அவர் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தார். அண்ணன் கைப்பையோடு காலடியில் நின்றார். எழுந்ததும் ராஜு அண்ணனே மைலோவை ஊற்றிக்கொண்டு வந்து நீட்டினார்.

"இந்தா குமுதா. இத்தன வருஷ மைலோ."

"சீனி தூக்கலா இருக்கு அண்ணே," என்றார் அக்கா, ஆனால் கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

எது இறக்கியது அந்தச் சொட்டை? மாத்திரையா, சட்டியா, தள்ளிவைத்த தேநீரா? பெரும்பங்கு மாத்திரைக்குத்தான் இருக்கும் என்று படித்தவனாக நான் நினைக்கிறேன். பிரித்து அளந்து சொல்ல என்னால் முடியாது. அக்காவுக்கு அந்தக் குழப்பமே இல்லை. மூன்றுக்கும் சேர்த்து அவர் அம்மனுக்குத் தேங்காய் உடைத்துவிட்டார்.

ராஜு அண்ணனின் மனைவி பிரமிளா, எனக்கும் அதே மாதிரி சட்டி வாங்கிக் கொடு என்று வந்தபோது, முதலில் கிளினிக்குக்குப் போய் ரத்தம் பார்த்துவிட்டு வா என்று அனுப்பியவரும் அக்காதான். பிரமிளாவுக்குத் தலசீமியாக் கூறு இருப்பது அப்போதுதான் தெரிந்தது. அவர் உடம்பில் இரும்பு குறையவில்லை, கூடுதல் தேவையில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். சட்டி ஆசை மட்டும் போகவில்லை. அவர் நன்றாகப் பழக்கி முட்டை பொரித்துக்கொள்கிறார்.

குமுதா அக்கா இப்போதும் செமோரில் அதே நடைபாதையில் தோசை சுடுகிறார். கடையில் பழகிய கல், வீட்டில் பாதி பழகிய சட்டி. இதுவரை இரண்டு முறை ரத்தம் கொடுத்திருக்கிறார். வரும் மாதம் கோயிலில் முகாம் இருக்கிறது, பெயரைக் கொடுத்துவிட்டார்.